மூன்று கல் தளபதி

எங்கள் ஊரில் நாலு காசு சேர்ந்தவன் முதலில் கார் வாங்குவான். அப்புறம் பங்களா கட்டுவான். அதற்கும் அப்புறம் வரலாறு வாங்கக் கிளம்புவான். காரையும் பங்களாவையும் நான் மன்னித்துவிடுவேன். என்னிடம் இல்லாத வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்று நீங்கள் சொன்னால் ஆமாம் என்று ஒப்புக்கொள்ளவும் செய்வேன். இந்த வரலாறு வாங்குகிற கூத்தைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. அதற்குக் காரணம் மதாரக்கா.

முழுப்பெயர் மதாரம்மாள். வயது அறுபத்து நான்கு. என் யூனிட்டில் பிசிர் வெட்டுகிறார். யூனிட் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு ஓவர்லாக் மிஷின், இரண்டு பேட்லாக், ஒரு செக்கிங் டேபிள், மழை வந்தால் ஒழுகுகிற ஷீட்டு. பெரிய கம்பெனிக்காரர்கள் தூக்கிப் போடுகிற வேலையைத் தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். என் பெயர் கந்தவேல். தைத்து முடித்த பனியனில் தையலோரம் தொங்கும் நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுப்பதற்குப் பெயர்தான் பிசிர் வெட்டுவது. மதாரக்கா முப்பத்தோரு வருடமாக அதைச் செய்கிறார். அவர் கத்தரி பட்டு வெளியே போன பனியனை எந்த நாட்டுக்காரனும் இதுவரை திருப்பி அனுப்பியதில்லை. அவருக்கு ஒரு வரி வரலாறு எழுத மட்டும் ஊரில் யாருக்கும் கை வரவில்லை.

காதர்பேட்டையிலிருந்து நொய்யல் பக்கம் இறங்கினால் பருத்திக்கார வீதி. அங்கே என் யூனிட்டுக்கு நேர் எதிரே பழைய பள்ளிவாசல். குவிமாடம் கிடையாது. தட்டைக் கூரை, முன்பக்கம் ஆறு கல்தூண், இரண்டு மூலையிலும் என் உயரத்துக்கு இரண்டு குட்டி மினார். புதிதாக வருகிறவன் சத்திரமா, மண்டபமா என்று கேட்பான். மதாரக்கா பிறந்தது அந்த வாசலை ஒட்டிய மோதினார் அறையில். பாங்கு சொல்லி, பாய் விரித்து, தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பி நாற்பது வருடம் அந்தப் பள்ளியைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய அத்தா.

பதினெட்டு வயதில் மடத்துக்குளத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை துபாய்க்குப் போகிறேன் என்று போனான். போனவன் போனவன்தான். நாலு வருடம் மாமியார் வீட்டில் பாத்திரம் கழுவிவிட்டு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அக்கா திரும்பி வந்தார். அத்தா மவுத்தான பிறகு மோதினார் அறைக்கு வேறு ஆள் வந்தார். அக்கா பின்சந்தில் ஒரு லைன் வீட்டுக்கு மாறினார். ஆனாலும் காலைத் தொழுகை முடிந்து ஆண்கள் கலைந்ததும் பள்ளிவாசல் முற்றத்தைக் கூட்டுவது அவர்தான். சம்பளம் இல்லை, யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. ஒருமுறை நான் கேட்டேன்.

"ஏனுக்கா, சும்மா எதுக்கு முதுகு ஒடியறீங்க?"

"சும்மா எங்கீங் தம்பி? அந்த மூலைல எங்க நன்னிம்மா படுத்திருக்குது. குப்பைக்குள்ள உட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

நன்னிம்மா என்றால் பாட்டி. இது ஐந்து தலைமுறைக்கு முந்தைய பாட்டி. பெயர் பாத்துமுத்து. ஊர் வாயில் பஞ்சுக்காரம்மா.

அந்தம்மாவின் கதை எங்கள் வீதியில் எல்லோருக்கும் தெரியும். மில்லெல்லாம் வருவதற்கு முந்தைய காலம். பாத்துமுத்து பஞ்சு கொட்டுகிற குடும்பம். புருஷன் செத்த பிறகு ஒரு கழுதையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பருத்தி வாங்கி வந்து, கொட்டை நீக்கி, கொட்டி, சுத்தம் செய்து நூற்கிறவர்களுக்குக் கொடுக்கிற தொழில். அந்த நூலை நெய்தவர்கள் எங்கள் ஆட்கள். பஞ்சு கொட்டுகிறவர்கள் தும்பும் தூசியுமாக வருவார்கள் என்று, பெரிய வியாபாரிகள் அவர்களைத் தங்கள் பக்கத்தில் நின்று தொழ விடவில்லையாம். ஆற்று மணலில் தொழுதிருக்கிறார்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. பாத்துமுத்து தன் பஞ்சுக் கொட்டகை இருந்த இடத்தையே, இங்க தொழுங்க என்று கொடுத்துவிட்டார். எங்கள் முருகன் கோயில் மண்டபத்துக்குக் கல்தச்சன் கணக்குத் தப்பிச் செதுக்கிய ஆறு தூண் வீதியில் கிடந்து வண்டியை மறித்துக்கொண்டிருந்தது. எடுத்துக்கங்க என்று எங்கள் பாட்டன்மார் கொடுத்தார்கள். தர்மம் செய்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், தொல்லை விட்டது என்றுதான் கொடுத்திருப்பார்கள். இன்றைக்கும் ஒரு தூணின் அடியில் பாதி செதுக்கிய மயில் ஒன்று உண்டு. சுண்ணாம்பு அடித்து அடித்து அது கோழியாகிவிட்டது.

இடம் கொடுத்த மகராசியை முற்றத்தின் தென்கிழக்கு மூலையில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கபுருக்கு மூன்று மீசான் கல். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்துக் கபுருகளில் ஆணுக்கு இரண்டு கல், தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. பெண்ணுக்கு நடுவில் இன்னொரு கல் இருக்கும். எழுத்தில்லாத காலத்தில் பார்த்ததும் தெரிய அதுதான் அடையாளம். முருகனைக் கும்பிடுகிற எனக்கே இது சின்ன வயதிலிருந்து தெரியும். வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா அந்த நடுக்கல்லின் மேல் ஒரு கைப்பிடி பூ வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, பாத்தியா ஓதிவிட்டு வருவார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஜமாஅத்துக்குப் புதுத் தலைவர் வந்தார். அமானுல்லா ஹாஜியார். மாதம் முப்பது கன்டெய்னர் அனுப்புகிற எக்ஸ்போர்ட்டர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார், வெள்ளைச் செருப்பு. அவருடைய தாத்தா பஞ்சு கொட்டுகிற வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு, பழைய மெத்தைப் பஞ்சைக் கொட்டித் தருகிறேன் என்று வீதி வீதியாகக் கூவிப் போனதை என் அப்பா பார்த்திருக்கிறார். ஹாஜியார் கம்பெனி வரவேற்பறையில் மாட்டியிருக்கிற பலகையில் மட்டும், அவர்கள் வம்சம் அரபு நாட்டிலிருந்து குதிரை வியாபாரத்துக்கு வந்தது என்று தங்க எழுத்தில் இருக்கிறது. அரபு நாட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மெத்தை என்ன பாவம் செய்தது என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எங்கள் முருகன் கோயில் கும்பாபிஷேகத்தில் வைத்த கல்வெட்டில், ஒரு ராஜா வேட்டைக்கு வந்த இடத்தில் கனவு கண்டு கட்டிய கோயில் என்று போட்டிருக்கிறது. கட்டியது பதினேழு தறிக்காரக் குடும்பம். அவர்கள் கண்ட கனவெல்லாம் அடுத்த வேளைச் சோற்றைப் பற்றியதாக இருந்திருக்கும்.

ஹாஜியார் வந்த மறுமாதமே பள்ளிவாசலைப் புதுப்பிக்கும் வேலை ஆரம்பமானது. முற்றம் முழுக்கக் கிரானைட், தென்கிழக்கு மூலையில் கார் நிறுத்துகிற இடம். பிளானைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அந்த மூலைக்கு வந்தபோது அக்கா துடைப்பத்தோடு நின்றிருந்தார். நான் டீ கிளாஸோடு என் வாசலில் நின்றிருந்தேன்.

"இது யாருது?" என்றார் ஹாஜியார்.

"பஞ்சுக்காரம்மா கபுருங்க. இந்த எடம் குடுத்தவங்க."

"பள்ளிக்குள்ள கபுரு வெக்கறதே சரியில்லம்மா. மார்க்கத்துல எடமில்ல. லெவல் பண்ணீரலாம்."

"எடம் குடுத்தவங்களுக்கே எடமில்லீங்களா?"

"குடுத்தாங்கங்கறதுக்கு ரெக்கார்டு இருக்குதா? பத்திரம், கித்திரம்?"

"பத்திரமெல்லாம் இல்லீங்க. உங்க தாத்தா மெத்தைக்குப் பஞ்சு கொட்டற வில்லை அந்தச் செவுத்துல சாச்சு வெச்சுட்டுத்தான் தொழுகைக்கு நிப்பாராமா. எங்கத்தா சொல்லுவாரு. அந்த வில்லு உரசுன தடம் இன்னும் செவுத்துல இருக்குதுங்க. அதும் ரெக்கார்டுதானுங்களே?"

கூட வந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஹாஜியாரின் முகம் சாயப்பட்டறைத் தண்ணீர் மாதிரி நிறம் மாறியது. "வேலையப் பாரும்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. "வாயி சும்மா இருந்திருக்கோணும் தம்பி. இனி கட்டாயம் இடிச்சுப் போடுவாரு" என்றார். அன்றிலிருந்து முற்றத்தில் ஜேசிபி சத்தம் கேட்டாலே கத்தரியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். அவருக்குப் பேரன் இல்லை, பேத்தி இல்லை, சொந்த வீடு இல்லை. தன்னுடையது என்று அவர் சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஆறடி மண்தான்.

அப்போதுதான் வரலாற்றுக்காரர் வந்தார். கோயமுத்தூர் ஆள். கோயிலுக்குத் தலபுராணம், கல்லூரிக்குப் பொன்விழா மலர், சாதிச் சங்கத்துக்குக் குல வரலாறு, எதைக் கேட்டாலும் சொன்ன தேதியில் எழுதிக் கொடுப்பாராம். நாங்கள் சாம்பிள் பார்த்துப் பனியன் தைக்கிற மாதிரி அவர் ஆளைப் பார்த்து வரலாறு தைக்கிறவர். பள்ளிவாசல் திறப்பு விழாவுக்கு மலர் எழுத ஹாஜியார் அழைத்து வந்திருந்தார். பழைய கதை தெரிந்த ஆள் யார் என்று விசாரித்துக்கொண்டு அவர் என் யூனிட்டுக்கே வந்துவிட்டார்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தன் காசில் டீயும் வடையும் வாங்கி வரச் செய்தார். பாத்துமுத்து, கழுதை, பஞ்சுக் கொட்டகை, வெள்ளம், ஆறு தூண், கோழியான மயில் என்று ஒன்று விடாமல் இரண்டு மணி நேரம் சொன்னார். வரலாற்றுக்காரர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"ஒரே ஒரு வரி போதுமுங்க சார். பாத்துமுத்துங்கற பொம்பளை குடுத்த எடம்னு போட்டீங்கன்னா, அந்தக் கபுர இடிக்க மாட்டாங்க."

"ஒரு வரி என்னம்மா, ஒரு அத்தியாயமே போடறேன்" என்றார் அந்தப் புண்ணியவான்.

சொன்ன சொல் தவறவில்லை. பத்து நாளில் அத்தியாயம் வந்தது. அச்சுக்குப் போகும் முன் பார்க்கச் சொல்லி எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். செக்கிங் டேபிளில் வைத்து அக்காவுக்கு வாய்விட்டுப் படித்தேன். அக்கா சொன்னது அத்தனையும் அதில் இருந்தது, ஆள் மட்டும் மாறியிருந்தது. பாத்துமுத்து என்ற பெயரையே காணோம். மைசூர்ப் படையில் ஷம்ஷீர்கான் என்று ஒரு தளபதி வந்துவிட்டார். பஞ்சுக் கழுதை வெண்புரவியாகிவிட்டது. கொட்டகை பாசறையாகிவிட்டது. எங்கள் பாட்டன் கொடுத்த ஆறு தூணும் எதிரியின் கோட்டையிலிருந்து பெயர்த்து வந்தவையாம். கோழி ராஜாளியாக எழுந்து பறந்துவிட்டது. வெள்ளத்தில் மாட்டிய மக்களைக் காப்பாற்றிய தளபதி, இந்த மண்ணிலேயே உயிர் துறந்து, தாம் கட்டிய பள்ளிவாசலின் தென்கிழக்கு மூலையில் துயில் கொள்கிறார் என்று அத்தியாயம் முடிந்திருந்தது.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எங்கள் பாட்டன்மார் கதையிலிருந்து காணாமல் போன கோபமும் அதில் சேர்ந்துகொண்டது, மறைக்கவில்லை. "த்தூ! இவனெல்லாம் சோத்துக்கு உப்புப் போட்டுத்தான் திங்கறானா?" என்று கத்தினேன். தைத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அக்கா மெதுவாகக் கேட்டார். "கடேசி வரிய இன்னொருக்காப் படியுங்க தம்பி."

படித்தேன்.

"அப்படின்னா இடிக்க மாட்டாங்கதானே?"

இடிக்கவில்லை. தளபதி வந்த மறுநாளே மார்க்கத்தில் இடம் கிடைத்துவிட்டது. கார் நிறுத்தம் வடக்கு மூலைக்குப் போனது. கபுரைச் சுற்றிப் பளபளவென்று கம்பித் தடுப்பு, கறுப்புக் கிரானைட் மேடை, தலைமாட்டில் தளபதி பெயர் வெட்டிய பலகை என்று வேலை நடந்தது. பழைய கற்கள் பழமையாகத் தெரிய வேண்டும் என்று அவற்றை மட்டும் தொடாமல் விட்டு, சுற்றி மேடை கட்டினார்கள். மூன்று கல்லும் அப்படியே நின்றன.

அந்தக் கூட்டத்தில் ஒருவருக்காவது மண்டையில் உறைத்திருக்க வேண்டுமே? உறைக்கவில்லை. பனியனில் ஒரு இஞ்ச் தையல் கோணினால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிற ஆட்கள் அத்தனை பேரும். தங்கள் வீட்டுப் பெண்களின் கபுரில் எத்தனை கல் என்று எண்ணிப் பார்த்தவன் ஒருவன்கூட இல்லை. அதற்கு மேல் ஒரு கூத்து. ஹாஜியார் தன் கம்பெனியிலேயே இரண்டாயிரம் டி-ஷர்ட் அடிக்கச் சொன்னார். முன்பக்கம் கபுரின் படம், கீழே தளபதி பெயர். அதில் ஐநூறு பீஸுக்குப் பிசிர் வெட்டுகிற வேலை என் யூனிட்டுக்கே வந்தது. ஒவ்வொரு பீஸிலும் மூன்று கல் தெளிவாக நின்றது.

"தம்பி, போய்ச் சொல்லீருங்க. விசயம் தெரிஞ்ச ஆளு யாராச்சும் பாத்தா மானம் போயிரும்" என்றார் அக்கா.

"போகட்டுமே! ஊருக்கு முன்னால மூக்கறுபடட்டும். நீங்க பேசாம வெட்டுங்கக்கா."

அவ்வளவு ஆனந்தம் எனக்கு. ஒவ்வொரு டி-ஷர்ட்டையும் மடிக்கும்போது நாக்கைச் சப்புக் கொட்டினேன். மூக்கறுபட்டவன் எங்கே போய்ப் பாய்வான் என்று யோசிக்கிற புத்தி எனக்கு அன்றைக்கு இல்லை.

திறப்பு விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஊத்துக்குளியிலிருந்து ஒரு வயதான ஹஜ்ரத் வந்தார். விழாவில் துஆ ஓதிப் பிரார்த்திக்க வேண்டியவர், முன்கூட்டியே இடத்தைப் பார்க்க வந்தார். ஹாஜியார் அவருக்கு ஒரு டி-ஷர்ட்டைப் பிரித்துக் காட்டினார். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு எழுந்து வந்து கபுரையே பார்த்தார்.

"ஏனுங் ஹாஜியாரே, உங்க தளபதி பொம்பளைங்களா?"

ஹஜ்ரத் விவரம் சொன்னதும் ஜமாஅத் கமிட்டி மொத்தமும் மேடையைச் சுற்றி நின்று கல்லை எண்ணியது. திரும்பத் திரும்ப மூன்றுதான் வந்தது. நான் என் வாசலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். இரண்டாயிரம் டி-ஷர்ட்டும் அன்றைக்கே காதர்பேட்டைச் சந்தைக்குக் கழித்துப் போட்ட செகண்ட்ஸ் சரக்காகப் போனது. பீகாரிலோ வங்காளத்திலோ எவனோ இந்நேரம் தளபதியை மாட்டிக்கொண்டு மாடு மேய்த்துக்கொண்டிருப்பான்.

இரண்டாயிரம் பனியனை மாற்றிவிடலாம். நடுக்கல்லை என்ன செய்வது? பிடுங்கிவிடு என்று கொத்தனார் மொக்கைச்சாமியிடம் சொன்னார்கள். அவர் ராமநாதபுரத்துக்காரர். "ஆத்தாடி, செத்தவுக மேல கை வைக்கிற சோலி நமக்கு வேணாம்ணே. கூலி குடுக்காட்டியும் பரவால்ல" என்று கரண்டியைக் கழுவிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கம்பெனியிலிருந்து வரவழைத்த வடக்கத்தி ஆட்களும் விஷயம் தெரிந்ததும் காதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். கமிட்டிக்காரர்களுக்குக் கபுரின் மேல் பயம். பொய்யின் மேல் ஒருவருக்கும் பயம் இல்லை.

மறுநாள் காலை ஹாஜியார் என் யூனிட்டுக்குள் வந்தார். வெள்ளைச் செருப்பில் நூல் தும்பு ஒட்டாமல் தாண்டித் தாண்டி வந்து அக்கா முன்னால் நின்றார்.

"அக்கா," என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அக்கா. "நீங்க அந்த வம்சம்னு சொல்றீங்க. உங்க கையால எடுத்தா ஒரு தப்பும் வராது. அந்த நடுவுக் கல்ல மட்டும் எடுத்துக் குடுத்துருங்க."

"எடுத்துட்டா அவங்க யாருங்க?"

"தளபதி."

"எடுக்காட்டி?"

 அவர் வியாபாரக் குரலில் சொன்னார். "மூணு கல்லு நின்னா அது தளபதி இல்ல. தளபதி இல்லீன்னா பழைய பிளான்தான். கபுரு வேண்டாம்னு ஏற்கெனவே தீர்மானம் போட்டிருக்குது. நாளைக்கே ஜேசிபி வரும். யோசிச்சுக்கோங்க."

"வெளிய போய்யா!" என்றேன். எனக்கு வேலை தருகிறவரில் அவரும் ஒருவர், அது நினைவிலேயே இல்லை. அவர் வந்த மாதிரியே தும்பைத் தாண்டித் தாண்டிப் போனார். நான் விடவில்லை. "நீங்க தொடக்கூடாதுக்கா. ஊரக் கூட்டறேன். பேப்பர்காரனக் கூப்படறேன். தறிக்கார ஊடு பூராம் வந்து நிப்போம். பாத்துக்கலாம்!"

அக்கா கத்தரியால் ஒரு நூலை வெட்டினார். "கூட்டுனா வருவாங்க தம்பி. டீ குடிப்பாங்க. போயிருவாங்க. ஜேசிபி போகாது."

"அதுக்காக? உங்க நன்னிம்மாவ அவங்க ஆம்பளை ஆக்குவாங்க, நீங்க கல்லப் புடுங்கிக் குடுப்பீங்களா? ரோசம் இல்லீங்களா உங்களுக்கு?"

"அன்னைக்கே போய்ச் சொல்லீருங்கன்னேன்," என்றார் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா மெல்லமாப் பேசி, படத்துல கல்ல அழிச்சுட்டு, நெசக் கல்ல உட்டிருப்பாங்க. யாரும் கிட்ட வந்து எண்ணியிருக்க மாட்டாங்க. உங்களுக்குச் சிரிக்கோணும்னு இருந்துச்சு. சிரிச்சாச்சு. இப்ப நாந்தானே கடப்பாரை எடுக்கோணும்?"

மிஷின் ஓடுகிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். எல்லோருக்கும் கேட்டிருந்தது.  ஹாஜியார் வம்சத்துக்காகப் பொய் சொன்னார், நான் கேலிக்காக உண்மையை மடித்து வைத்தேன். எனக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, வெட்கக்கேடு.

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா போனார். மொக்கைச்சாமி கடப்பாரையைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கமிட்டி மொத்தமும் மறுகோடியில் நின்றது. நான் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றேன். அக்கா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, கபுருக்கு ஸலாம் சொன்னார். "நன்னிம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று பக்கத்தில் தூங்குகிறவரிடம் சொல்வது மாதிரி சொன்னார்.

அந்தக் கல் லேசில் அசையவில்லை. அக்கா மண்ணைக் கையாலேயே தோண்டினார். நான் உள்ளே போய்ப் பிடிக்கப் பார்த்தேன். "நீங்க வேண்டாம்" என்றார். அரை மணி நேரம் ஆனது. கல் சாய்ந்ததும் அதை வெளியே தூக்குவார் என்று எல்லோரும் பார்த்தோம். அவர் தூக்கவில்லை. இருந்த இடத்திலேயே ஆழமாகப் பள்ளம் பறித்து, கல்லைப் படுக்க வைத்து, மண்ணை மூடி, உள்ளங்கையால் தட்டினார்.

ஹாஜியார் அங்கிருந்தே, "எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டார்.

"இனித் தெரியாதுங்க" என்றார் அக்கா. ஹாஜியாருக்கு அது போதுமானதாக இருந்தது. சாயங்காலமே அதன் மேல் சிமெண்ட் போட்டு வழவழவென்று கிரானைட் பதித்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினார். "பேரு எடுத்துக்கட்டும் தம்பி. படுத்திருக்கறவங்கள எழுப்பாம இருந்தாச் சரி."

திறப்பு விழா ஜேஜே என்று நடந்தது. பெரிய மனிதர்கள் வந்தார்கள், பெரிய கார்கள் வந்தன. வரலாற்றுக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வெண்புரவியைப் பற்றி அவர் பேசும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கழுதையை நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் அக்கா பூப்பொட்டலத்தோடு கிளம்பினார். எனக்கு அவரைத் தனியாக அனுப்ப மனசில்லை, பின்னாலேயே போனேன். கம்பித் தடுப்புக்கு முன்னால் ஹாஜியார் கம்பெனி செக்யூரிட்டி உடுப்பில் ஒரு வடக்கத்தி இளைஞன் நின்றிருந்தான். பக்கத்தில் புதுப் பலகை. அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலை வைத்துக்கொண்டு படித்தார். பெண்கள் உள்ளே வர அனுமதி இல்லை.

"அம்மா, லேடீஸ் நஹி" என்றான் அவனும், மரியாதையாகவே.

"உள்ள யாரு படுத்திருக்கறாங்கன்னு தெரியுமா கண்ணு?"

அது அவனுக்குப் புரிந்தது. "தளபதி சாப்" என்றான்.

"பொம்பளை உள்ள இருக்கக் கூடாதுன்னா, மொதல்ல அவங்கள எழுந்திரிச்சு வெளிய வரச் சொல்லு. நாங்க ரெண்டு பேரும் சேந்து போயிக்கறோம்."

அவன் விழித்தான். அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது. முப்பத்தோரு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பொட்டலத்தைப் பிரித்து அவன் கையில் வைத்தார். "நீயாச்சும் போட்டுட்டு வா சாமி. தலைமாட்டுல வேண்டாம். நடுவால போடு."

எனக்குத் தெரிந்த இந்தியில் அவனுக்குச் சொன்னேன். நடுவில் என்பதற்கு "பீச் மே" என்று இரண்டு தடவை சொன்னேன். அவன் நல்லவன்தான், தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். நடுவில் நின்று பார்த்தான். அங்கே வெறும் கிரானைட்தான் இருந்தது. இந்தக் கிழவிக்கும் கிழவனுக்கும் முறை தெரியவில்லை என்று நினைத்தானோ என்னவோ, தலைமாட்டுக்குப் போய், தளபதியின் பெயர் வெட்டிய பலகைக்கு அடியில் பூவையெல்லாம் அடுக்கி வைத்தான். பிறகு இரண்டடி பின்னால் வந்து, விறைப்பாக நின்று, ஒரு சல்யூட் அடித்தான்.

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

"பூவு யாருக்கோ போயிருச்சுங் தம்பி" என்றார்.